கல்லாற்று முள்

கர்க்கடக மாதத்து ஆடி மழையில் திருவனந்தபுரத்துக்காரர்கள் குடையை நம்பித் தெருவில் இறங்குவதில்லை. நனையத் துணிந்துதான் இறங்குவார்கள். சர்க்கார் தலைமை ஆபீசான ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தாவான வெங்கடசுப்ரமணியனும் அப்படித் துணிந்துதான் அன்று காலை கரமனையிலிருந்து புறப்பட்டான். ஆபீசுக்கு லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு சாலைக் கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கினான். அவனுக்கு வேண்டியது கிராமபோன் ஊசி. நாற்பது வயதாகியும் அந்தச் சாமானை அவன் ஒரு தடவைகூட வாங்கியதில்லை. யுத்தம் வந்த பிறகு அது கிடைப்பதும் பெரும்பாடாக இருந்தது.

ஐந்தாவது கடைக்காரர் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி ஒரு தகரச் சிமிழை எடுத்தார்.

“பழைய ஸ்டாக்காக்கும் சாமி. மெல்லிசாக் கேக்கணுமா, உரக்கக் கேக்கணுமா? ரெண்டு மாதிரி உண்டு.”

“உரக்க. இருக்கறதுலேயே உரக்கக் கேக்கறது எதுவோ அது. நல்ல கூர் இருக்கணும்,” என்றான். “கேக்கப்போறவா கதவுக்குப் பின்னாலே நிப்பா. மழை வேறே ஓட்டுமேலே கொட்டறது.”

கடைக்காரர் ஒரு ஊசியை எடுத்துத் தன் விரல் நுனியில் வைத்துக் காட்டினார். அழுத்தவே இல்லை, ரத்தம் முத்தாகத் துளிர்த்தது. வெங்கடசுப்ரமணியனுக்குத் திருப்தி. சிமிழை இடுப்பில் முடிந்துகொண்டு திரும்பி நடந்தபோது, செத்துப்போன சிநேகிதனுக்கு ஒரு வருஷத்தில் முதல் தடவையாக உருப்படியாக ஒன்று செய்கிறோம் என்று நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துகூட இருந்தது.

ஸ்ரீகண்டன் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. முந்தாநாள் வருஷாப்திகம். அந்த ஒரு வருஷமும் அந்த வீட்டில் பாட்டோ வாத்தியமோ கேட்கக்கூடாது என்பது தெருவின் கட்டுப்பாடு. தெரு சொல்லாவிட்டாலும் அவன் மனைவி வாலாம்பாளுக்கு மனசு வந்திருக்காது. குழந்தை குட்டி இல்லை. அவள் இங்கே தனியாக இருந்து என்ன செய்யப்போகிறாள் என்று அவள் தமையன் நாகேஸ்வரன் கடையத்திலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். இன்று மத்தியானம் செங்கோட்டை வண்டியில் தங்கையைக் கூட்டிக்கொண்டு போகிறார். ஆக, வருஷம் முடிந்ததற்கும் வண்டி ஏறுவதற்கும் நடுவில் இந்த ஒரு முற்பகல்தான் மிச்சம். அதற்குள் வாலாம்பாளுக்குப் புருஷனின் குரலை இன்னொரு தடவை கேட்க வேண்டும். வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்கவில்லை.

அதற்கு ஒரு வழியையும் வைத்துவிட்டுத்தான் போயிருந்தான் ஸ்ரீகண்டன்.

இருவரும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். தெருவுக்கு வெங்கடசுப்ரமணியன் எப்போதும் வெங்கிட்டுதான். வெங்கிட்டு கச்சேரியில் பேனாவோடு உட்கார்ந்தபோது ஸ்ரீகண்டன் கரண்டாபீஸில் மீட்டர் ரிப்பேருக்குப் போய்ச் சேர்ந்தான். பகலெல்லாம் சர்க்கார் மீட்டர், சாயங்காலமானால் சொந்தச் சரக்கு. வீட்டின் இரண்டாம் கட்டில் ஒரு அறை முழுக்கச் செப்புக் கம்பியும் வால்வும் ஈயப் புகையும். அந்த அறையில் காலை வைத்தால் ஏதாவது ஒன்று குத்தும், அல்லது சுடும், அல்லது பிடித்து உதறும். முதலில் ரேடியோ பண்ணினான். இலங்கையைப் பிடித்தான், டில்லியைப் பிடித்தான், ஒரு நாள் ஏதோ தெரியாத பாஷையைப் பிடித்துவிட்டு மூன்று நாள் தூங்காமல் கிடந்தான். அப்புறம் அது அலுத்துவிட்டது.

“எங்கேயோ எவனோ பேசறதை நாம எதுக்குடா கேக்கணும்? நம்ம தெரு பேசறதைப் பிடிச்சு வெக்கணும்,” என்றான்.

“ம்,” என்றான் வெங்கிட்டு.

இந்த ‘ம்’மைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்ரீகண்டன் வாய் ஓயாமல் பேசுவான். பேச்சு முழுக்க ஓம்ஸும் காயிலும் கிரிட்டும்தான். வெங்கிட்டுவுக்கு அதில் ஒரு அட்சரம் பிடிபடாது. ஆனால் சிநேகிதனை விட்டு இருக்கவும் முடியாது. ஆகவே தினம் சாயங்காலம் அந்த அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, தன் ஆபீஸ் கவலைகளைத் தனக்குள் உருட்டிக்கொண்டு, வேண்டிய இடத்தில் ஒரு ‘ம்’ போட்டுவிடுவான். எந்த இடத்தில் போட வேண்டும், எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதெல்லாம் இருபது வருஷப் பழக்கத்தில் அவனுக்கு அத்துப்படி. ஸ்ரீகண்டனுக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தேதான் பேசினான் என்று இப்போது தோன்றுகிறது.

தெருவின் பேச்சைப் பிடிப்பதற்குப் பழைய டெலிபோனிலிருந்து ஒரு மைக்கைப் பிடுங்கித் தேங்காய்ச் சிரட்டைக்குள் வைத்துக் கட்டினான். சத்தத்தைப் பெருக்க மூன்று வால்வுப் பெட்டி ஒன்று பண்ணினான். சத்தம் போய்ப் பதிவதற்குத் தட்டு வேண்டும். அலுமினியத் தகடுதான் தோது என்று எங்கோ படித்திருந்தான். யுத்த காலத்தில் அலுமினியத்துக்கு எங்கே போவது? ஆகாச விமானத்துக்கே போதவில்லை என்று பேப்பரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் வாலாம்பாள் கைக்கரண்டியோடு அறை வாசலில் வந்து நின்றாள்.

“அரிசிப் பானை மூடி எங்கே போச்சு?”

“இருக்கு, இருக்கு. பாடப்போறது.”

“மூடி பாடுமோ? அரிசியிலே பல்லி விழுந்தா அதுவும் சேந்து பாடுமாக்கும். அண்ணா, நீங்களாவது சொல்லப்படாதோ?”

“ம்,” என்றான் வெங்கிட்டு, இருவருக்கும் பொதுவாக.

மொத்தம் நாலு மூடி போயிற்று. தட்டித் தட்டிச் சமமாக்கி, நடுவில் ஓட்டை போட்டு, அதில் பால்காரி ஓமனாவின் குரலைப் பிடித்தான். கரமனைப் பாலத்தடியில் வெள்ளம் போகிற சத்தத்தைப் பிடித்தான். தட்டு நாலே நாலு என்பதால் புதிதாக ஒன்று வேண்டுமானால் பழையதை எமரித் தாளால் தேய்த்து அழித்துவிட்டு மறுபடி பிடிப்பான். ஓமனாவின் மேல் நாதஸ்வரம் ஏறிற்று. நாதஸ்வரத்தின் மேல் வாலாம்பாள் மாவு இடிக்கிற சத்தம் ஏறிற்று. பிடிக்கிற நேரத்தில் யாரும் மூச்சு விடக்கூடாது. விரலை உதட்டில் வைத்து எல்லாரையும் அடக்குவான். முதலில் தன்னை அடக்கிக்கொள்வான். ஊரே பேசிய அந்தத் தட்டுகளில் அவன் மட்டும் பேசியதே இல்லை.

போன வருஷம் மேட மாதம், அதாவது சித்திரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீகண்டன் அவனைக் கல்லாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கிழக்கேகோட்டையிலிருந்து கரி பஸ். நெடுமங்காடு போவதற்குள் இரண்டு தடவை நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் பின்பக்கத்து அடுப்பைச் சுழற்றிச் சுழற்றிக் கனல் ஏற்றினான். பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் பஸ் எப்படி ஓடுகிறது என்று விதுரை வரைக்கும் சொன்னான் ஸ்ரீகண்டன். அதற்கு மேல் தன் விஷயத்துக்கு வந்தான். தட்டு, ஊசி, முள் என்று என்னவெல்லாமோ சொன்னான். வெங்கிட்டுவின் தலைக்குள் அன்று சீனியாரிட்டி லிஸ்ட் இருந்தது. தனக்குக் கீழே இருந்த ஒருவன் மேலே ஏறப்போகிறான் என்று கச்சேரியில் பேச்சு. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஒரு ‘ம்’ போட்டுக்கொண்டு வந்தான்.

கல்லாற்றில் பாலத்துக்குப் பக்கத்தில் ராஜையன் என்றொருவர் சாயாக்கடை வைத்திருந்தார். மலையில் இருக்கிற காணிக்காரர்கள் தேனும் கிழங்கும் கொண்டுவந்து அவரிடம் கொடுப்பார்கள். ஸ்ரீகண்டன் சொல்லி வைத்திருந்தான் போலிருக்கிறது. ராஜையன் உள்ளே போய் ஒரு வாழைச்சருகுக் கட்டைக் கொண்டுவந்து மேசைமேல் பிரித்தார். கறுப்பும் வெளுப்புமாக முள்ளம்பன்றி முட்கள், ஒவ்வொன்றும் ஒரு சாண்.

“சாமி, இதை எதுக்குன்னு நான் கேக்கல்லே. பக்ஷே ஒரு காரியம் சொல்லிருதேன். இது வீட்டுக்கு ஆவாது, கேட்டேளா? கூரை எறப்புலே சொருகினாக்கூட உள்ளே புருஷன் பொண்டாட்டி தல்லும் சண்டையும் கூடும்.”

“எங்காத்துலே அதுக்கு முள்ளு ஒண்ணும் வேண்டாம், ராஜையன். தன்னாலேயே நடக்கும்,” என்றான் ஸ்ரீகண்டன்.

ராஜையன் சிரித்துவிட்டு இரண்டு இலைத்துண்டில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் கொண்டுவந்து வைத்தார். அரிசிக்கு ரேஷன் வந்த நாளிலிருந்து தெருவில் எல்லா வீட்டிலும் மரச்சீனிதான். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுவார்கள். ஸ்ரீகண்டன் நட்டநடு ரோட்டைப் பார்க்க உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சாப்பிட்டான். வெங்கிட்டு சுக்குவெந்நீர் போதும் என்று சொல்லிவிட்டான். ஒரு வாய் சேர்ந்து சாப்பிட்டிருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அன்று சாயங்காலம் கரமனைக்கு வந்து இறங்கினார்கள். வாசல் நடையில் வைத்தே வாலாம்பாள் கட்டைப் பார்த்துவிட்டாள்.

“என்னது அது? பன்னி முள்ளா? உள்ளே கொண்டுவரப்படாது. சொல்லிட்டேன்.”

“ஒரு நல்ல காரியத்துக்காக்கும், வாலாம்பா.”

“ஒரு காரியத்துக்கும் வேண்டாம். மூடி போச்சு, வாயைத் திறந்து நான் மிண்டல்லே. கரண்டு அடிச்சுப் பூனை செத்துது, மிண்டல்லே. இதுக்கு மாத்திரம் சம்மதிக்க மாட்டேன். நானும் நீங்களும் சண்டை போடாம இருக்கறது ஒண்ணுதான் இந்த ஆத்துலே இருக்கற சொத்து.”

ஸ்ரீகண்டன் அதற்குமேல் பேசவில்லை. முட்களை அளவாக நறுக்கி ஒரு பிஸ்கோத்து டப்பாவில் போட்டு மறுநாள் சாயங்காலம் வெங்கிட்டுவின் கையில் கொடுத்துவிட்டான். அன்றும் நிறையச் சொன்னான். லிஸ்ட் அன்று மத்தியானம்தான் ஒட்டப்பட்டிருந்தது; வெங்கிட்டுவின் பேர் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தச் சாயங்காலத்தில் அவனுக்கு நினைவிருப்பது லிஸ்டும், முழங்காலுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு சிரட்டையும்தான். டப்பாவைக் கொண்டுபோய்த் தன் வீட்டு மர அலமாரிக்குப் பின்னால் செருகினான். கம்பி சுற்றவோ என்னவோ என்று நினைத்துக்கொண்டான்.

அதன் பிறகு இரண்டு மூன்று தடவை, “ஞாயித்துக்கிழமை வாடா, வரச்சே அதையும் எடுத்துண்டு வா, உனக்கு ஒண்ணு கேக்கத் தரேன்,” என்று கூப்பிட்டான் ஸ்ரீகண்டன். மனசு சரியில்லை, அடுத்த ஞாயிறு ஆகட்டும் என்று வெங்கிட்டு தள்ளிப் போட்டான். அப்படியே மிதுன மாதமும் போயிற்று. கர்க்கடகம் பிறந்து நாலாம் நாள் ஸ்ரீகண்டனுக்கு விஷ ஜுரம் கண்டது. பதினோரு நாள். கடைசியில் நாக்கு எழவில்லை. வாழ்நாள் முழுக்கப் பேசிய மனுஷன் வெங்கிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு வெறுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

டப்பாவின் கதை அதோடு முடிந்திருக்கலாம். இரண்டு மாதம் கழித்து ஒட்டடை அடித்த வெங்கிட்டுவின் மனைவி நாகலக்ஷ்மி அதைக் கண்டெடுத்தாள். திறந்து பார்த்துவிட்டுத் திடுக்கிட்டுப் போனாள்.

“அப்படிச் சொல்லுங்கோ! அஞ்சு மாசமா இந்த ஆத்துலே வாய்க்கு வாய் சண்டை. பிரமோஷனும் இல்லே. எதனாலேன்னு இப்பன்னா தெரியறது. கொண்டுபோய்க் களையுங்கோ இதை. இப்பவே!”

“ஸ்ரீகண்டன் கொடுத்ததுடீ.”

“கொடுத்தவரே போயாச்சு. இன்னும் எதுக்கு? அவர் ஆத்துக்காரி உள்ளே விடாததை நான் வெச்சுக்கணுமோ?”

மறுநாள் காலை குளிக்கப் போனபோது வெங்கிட்டு டப்பாவைக் கரமனை ஆற்றில் எறிந்தான். மூடி கழன்று முட்கள் மிதந்தன. ஒரு சுழலில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயின. என்னவோ ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது. வீட்டில் சண்டை மட்டும் அன்று சாயங்காலமே வழக்கம்போல் நடந்தது.

மழையில் ஊறிய வேட்டியைப் பிழிந்துவிட்டு அவன் ஸ்ரீகண்டன் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் பெட்டி படுக்கைகள் கட்டி வைத்திருந்தன. நாகேஸ்வரன் ஜட்கா பார்க்கப் போயிருந்தார். கிராமபோனைத் துடைத்து ஒரு மணைமேல் வைத்திருந்தாள் வாலாம்பாள். பக்கத்தில் நாலு தட்டு. அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வெள்ளைப் புடவையின் ஓரமும் கதவைப் பிடித்திருந்த விரல்களும்தான் தெரிந்தன.

“ஊசி கிடைச்சுதோ, அண்ணா?”

“கிடைச்சுது. சாலையிலேயே உசந்த ஊசி.”

“மூணு தட்டு வெறுந்தட்டு. தேச்சு வழவழன்னு வெச்சிருக்கார். ஒண்ணுலே காகிதம் ஒட்டி என் பேரை எழுதி வெச்சிருக்கார் பாருங்கோ. என்னோட மூடின்னு அடையாளத்துக்கு ஆக்கும். நாலாவதுலேதான் கோடு இருக்கு. அதுலே உங்க பேர்.”

வெங்கிட்டு எடுத்துப் பார்த்தான். ஸ்ரீகண்டனின் கோணல் எழுத்தில் ‘வெங்கிட்டு, கல்லாறு போய்வந்த மறுநாள்’ என்று எழுதியிருந்தது.

“நான் ஒண்ணும் பேசினதா ஞாபகம் இல்லையே, வாலாம்பா.”

“நீங்க பேசாட்டா என்ன? உங்களோட இருக்கச்சே அவர் பேசாம இருந்திருப்பாரோ? ஊர்ச் சத்தமெல்லாம் பிடிச்சார், அவர் சத்தம் எதுலேயும் இல்லே. இருந்தா இதுலேதான் இருக்கும். ஒரு வருஷமாத் தினம் இதைத் துடைச்சுத் துடைச்சு வெச்சிண்டிருக்கேன். கடையத்துலே மன்னி ஆத்துலே இதெல்லாம் நடக்காது. இன்னிக்குக் கேட்டாத்தான் உண்டு.”

வெங்கிட்டு சாவி கொடுத்தான். புது ஊசியைப் பொருத்தித் திருகை நன்றாக முறுக்கினான். தட்டைச் சுழலவிட்டு ஊசியை ஓரத்தில் இறக்கினான். கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் கிராமபோனின் ஒரு முழ அகலப் புனலுக்குள்ளிருந்து ஸ்ரீகண்டன் தொண்டையைக் கனைத்தான்.

“ஓடறது. செரி. வெங்கிட்டு, காலை நீட்டி ஒக்காரு. என்ன, ஆபீஸ் யோஜனையா?”

“ம்.”

கதவைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. குரல் அப்படியே இருந்தது. வார்த்தைக்கு முன்னால் வருகிற அந்தச் சிரிப்புக்கூட இருந்தது. ‘ம்’ தன்னுடையது என்று தெரிய வெங்கிட்டுவுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இவனுக்குத் தெரியாமல் ஸ்ரீகண்டன் பிடித்திருக்கிறான். முழங்காலுக்குப் பக்கத்துச் சிரட்டையில்தான் இருந்திருக்கிறது மைக்கு.

“நேத்து கல்லாத்துலேந்து கொண்டுவந்தோமே, அது எதுக்குன்னு பஸ்ஸிலே சொன்னேனே, ஞாபகம் இருக்கோ?”

“ம்.”

“எங்கே இருக்கும்! மறுபடியும் சொல்றேன், கேளு. இந்த அலுமினியத் தட்டு பச்சைக் குழந்தை மாதிரி. கடையிலே விக்கற இரும்பூசியைப் போட்டியானா ஒரே ஓட்டத்துலே உழுதுண்டு போயிடும். அப்பறம் பானையைத்தான் மூடணும். முள்ளம்பன்னி முள்ளுன்னா நோகாம ஓடும், நூறு தடவை கேக்கலாம். வாலாம்பா அதை உள்ளே விடமாட்டா. டப்பா உன்கிட்டேயே இருக்கட்டும். களைஞ்சுடாதே, கேட்டியோ?”

“ம்.”

வெங்கிட்டுவின் கண் ஊசிக்குப் போயிற்று. குனிந்து பார்த்தான். ஊசி போகிற வழியில் அலுமினியம் மயிரிழையாகச் சுருண்டு சுருண்டு எழுந்துகொண்டிருந்தது. ஒரு சுருள் ஊசியின் காலைச் சுற்றிக்கொண்டது. குரலுக்கு அடியில் இரைச்சல் ஏறத் தொடங்கியது. எடுத்துவிடலாம், மிச்சத்தையாவது காப்பாற்றலாம், முள் வேறே வாங்கிக்கொள்ளலாம், கல்லாறு எங்கே ஓடிப்போகிறது என்று கையை நீட்டினான்.

“இன்னொரு காரியம். வாலாம்பாகிட்டே நீ ஒரு வார்த்தை…”

“எடுக்காதேங்கோ!”

அவள் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டாள். ஒரு வருஷத்தில் இப்படி வெளிச்சத்தில் அவள் யார் முன்னாலும் வந்து நின்றதில்லை. முக்காடு நழுவியது தெரியாமல் புனலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்கிட்டு கையை இழுத்துக்கொண்டான்.

“…அடுத்த தட்டு அவளுக்குன்னு எடுத்து வெச்சுட்டேன். அவ மூடிதானே, அவதான் பாடணும். அடுக்களையிலே தனியா இருக்கச்சே ஒண்ணு பாடுவா. நான் உள்ளே போனா நிறுத்திடுவா. பத்து வருஷமாக் கதவுக்குப் பின்னாலே நின்னு கேட்டிண்டிருக்கேன், தெரியுமோ? நான் சொன்னாப் பரிகாசம் பண்றேன்னு நினைப்பா. நீ சொல்லு. அண்ணா சொன்னான்னு பாடுவா. அந்த…”

இரைச்சல் மூடிக்கொண்டது. மழையா தட்டா என்று பிரிக்க முடியவில்லை. அதற்குள் ஸ்ரீகண்டன் ஏதோ சொன்னான். ஒரு வரி பாடிக் காட்டினாற்போலவும் இருந்தது. புனலுக்குக் கிட்டே காதைக் கொண்டுபோனாள் வாலாம்பாள்.

“…அதுதான். வேறே எதுவும் வேண்டாம். சொல்றயா?”

“ம்.”

மைக்குக்குப் பக்கத்தில் இருந்ததால் அந்த ‘ம்’ மட்டும் இரைச்சலுக்கு மேலே துல்லியமாக விழுந்தது. ஸ்ரீகண்டன் சிரித்தான். சிரிப்பு பாதியில் கரகரப்பாகிவிட்டது. ஊசி நடுவில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

ஓட்டின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வெங்கிட்டு கையால் தட்டை நிறுத்தினான். சுருள் சுருளாக அலுமினியத் தூள் விரலில் ஒட்டியது.

“நீங்க என்கிட்டே சொல்லவே இல்லையே, அண்ணா,” என்றாள் வாலாம்பாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

“காதுலே விழல்லே, வாலாம்பா. அன்னிக்கு லிஸ்ட் போட்டிருந்தா. நான் அதையே நினைச்சிண்டு…” விரலில் ஒட்டிய தூளை வேட்டியில் துடைத்தான். “டப்பாவும் இல்லே. நாகலக்ஷ்மி வேண்டாம்னா. நான்தான் ஆத்துத் தண்ணியிலே போட்டேன். எதுக்குன்னு தெரிஞ்சிருந்தா என் உயிரைக் கொடுத்தாவது வெச்சிருப்பேன்.”

“உங்களை என்ன சொல்றது? வாசல்லேயே தடுத்தது நான்தானே,” என்றாள். “இன்னொரு தடவை வையுங்கோ.”

“ஒண்ணும் இருக்காது.”

“இல்லாட்டாப் போறது. வையுங்கோ.”

வைத்தான். தட்டு முதலிலிருந்து கடைசிவரை சரசரவென்று ஓடிற்று. சருகைக் காலால் தள்ளிக்கொண்டு யாரோ நடக்கிற மாதிரி இருந்தது. இரண்டு பேரும் கடைசி வரைக்கும் நின்று கேட்டார்கள். எங்கோ ஒரு இடத்தில் ‘ம்’ மாதிரி ஒன்று வந்தது. அது நிஜமாகவே வந்ததா, தன் காதுதானா என்று வெங்கிட்டுவுக்கு நிச்சயமில்லை. அவளைக் கேட்கவும் தைரியம் இல்லை.

இருபது வருஷம். எத்தனை ஆயிரம் சாயங்காலங்கள். அத்தனையிலும் ஒருத்தன் தன் சந்தோஷத்தையெல்லாம் வாரிவாரி எதிரில் கொட்டியிருக்கிறான். இவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு பைல் புரட்டியிருக்கிறான். அந்த லிஸ்டில் இப்போது அவன் பேர் எங்கே இருக்கிறது என்றுகூட அவன் பார்த்து நாலு மாதம் ஆகிறது. செத்த அன்று அழாத அழுகை அப்போது வந்தது. வேட்டித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். வாலாம்பாள் அழவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தன் பேர் எழுதிய வெறுந்தட்டை எடுத்து, கட்டியிருந்த பெட்டியைப் பிரித்துப் புடவைகளுக்கு நடுவில் வைத்தாள். மறுபடி கயிறு போட்டு இறுக்கினாள். உழுதுபோன தட்டை வெங்கிட்டுவின் பக்கம் நகர்த்தினாள்.

“இதுலே உங்க பேர்தானே இருக்கு. நீங்களே வெச்சுக்கோங்கோ.”

நாகேஸ்வரன் ஜட்காவோடு வந்துவிட்டார். சாமான்களை ஏற்றுவதற்குள் எல்லாரும் தொப்பலாக நனைந்தார்கள். வாசல் வாசலாகத் தெரு நின்று பார்த்தது. நாகலக்ஷ்மி ஓடிவந்து வழிக்குக் கட்டிய புளியஞ்சாதப் பொட்டலத்தை நீட்டிவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வண்டிக்காரன் பின்பக்கத்துப் படுதாவை இறக்கப் போனான். உள்ளேயிருந்து வாலாம்பாளின் கை அதைத் தடுத்தது.

“அண்ணா.”

வெங்கிட்டு மழையில் கிட்டே போனான்.

“அவர் சொன்னது எந்தப் பாட்டு?”

அவன் முகத்து மழைத்தண்ணீரைக் கையால் வழித்துவிட்டான்.

“இரைச்சல்லே எனக்குக் கேக்கல்லே. நான் அடுக்களையிலே எதையெல்லாமோ முணுமுணுப்பேன். எதுன்னு தெரிஞ்சா அங்கே போயாவது, அடுப்பங்கரையிலே, அவர் கேக்கறார்னு நினைச்சிண்டு…” நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். “அன்னிக்கு நீங்க பக்கத்துலேதானே இருந்தேள், அண்ணா?”

குதிரை தலையை உதறிற்று. நாகேஸ்வரன் முன்னாலிருந்து வண்டிக்கு நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். வெங்கிட்டு அந்தச் சாயங்காலத்தை எல்லாப் பக்கமும் தட்டிப் பார்த்தான். சுவர் இருந்தது, சிரட்டை இருந்தது, லிஸ்ட் எழுத்துக்கு எழுத்து இருந்தது. ஸ்ரீகண்டனின் வாய் அசைவதுகூடத் தெரிந்தது.

“ம்,” என்றான்.